மறு: போர்ச் செய்திக் களத்தில் ‘ஃபிக்சர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

போர்க்களத்துக்கு வரும் வெளிநாட்டு நிருபருக்கு ஆள், வழி, மொழி எல்லாம் பார்த்துக்கொடுக்கும் உள்ளூர்க்காரரை ஆங்கிலத்தில் ‘ஃபிக்சர்’ என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடி இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். ‘நிலைநிறுத்தி’ என்பது படச்சுருள் கழுவும் கரைசலுக்கு உரிய பெயர். அதை இருட்டறையிலேயே விட்டுவிடலாம்.

> மொழிபெயர்ப்பாளர் என்றாலே போதுமே, தனிச்சொல் எதற்கு?

போதாது ஐயா. வெளிநாட்டு நிருபர் வந்து இறங்கும் முன்பே இவருடைய வேலை தொடங்கிவிடுகிறது. எந்தத் தளபதி வாய் திறப்பார், அவரை யார் மூலம் பிடிப்பது, நேற்றுவரை லாரிகள் ஓடிய சாலை இன்று ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதெல்லாம் இவருக்குத்தான் தெரியும். சோதனைச் சாவடிக்கு எவ்வளவு தூரத்தில் காரை நிறுத்துவது, கண்ணாடியை எப்போது இறக்குவது என்பதும் இவர் பொறுப்பு. நிருபர் வெடுக்கென்று கேட்ட கேள்வியைத் துப்பாக்கி பிடித்தவனிடம் பதமாகக் கேட்பதும் இவர்தான். மொழிபெயர்ப்பு இதில் ஒரு பகுதி, அவ்வளவே.

> ‘உதவியாளர்’ எளிமையாக இருக்கிறது.

கம்போடியாவில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்கு ஃபிக்சராக இருந்த டித் பிரானை நினைத்துப் பாருங்கள். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படை தலைநகர் நோம் பென்னுக்குள் நுழைந்தது. மருத்துவமனை ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பிய ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் சிட்னி ஷான்பெர்க்கையும் உடனிருந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களையும் துப்பாக்கி முனையில் பிடித்துக் கவச வண்டிக்குள் தள்ளினார்கள். பிரான் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, போய்விடு என்றார்கள். அவர் போகவில்லை. வாதாடி அதே வண்டியில் ஏறிக்கொண்டார். இவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், உங்கள் வெற்றியை எழுத வந்தவர்கள் என்று மன்றாடி மன்றாடியே அத்தனை பேரையும் உயிரோடு மீட்டார். பிறகு வெளிநாட்டவர் பிரெஞ்சுத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பிரானுக்காகச் செய்த போலிப் பாஸ்போர்ட் எடுபடவில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கட்டாய உழைப்பிலும் பட்டினியிலும் கிடந்து, 1979 அக்டோபரில்தான் தாய்லாந்து எல்லையைக் கடந்தார். இதற்கிடையே 1976-இல் ஷான்பெர்க்குக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பிரானுக்கும் சேர்த்தே அதைப் பெற்றுக்கொள்வதாக அவர் சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. இந்த மனிதரை ‘உதவியாளர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> முகவர்?

வேண்டவே வேண்டாம். போர் நடக்கும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு ‘உளவாளி’ என்றுதான் பொருள் கொள்வார்கள். 2007 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் பகுதியில் இத்தாலிய நிருபர் தானியேலே மாஸ்த்ரோஜாக்கோமோவையும் அவருடைய ஃபிக்சர் அஜ்மல் நக்ஷ்பந்தியையும் ஓட்டுநர் சையத் ஆகாவையும் தாலிபான்கள் கடத்தினார்கள். உளவு பார்த்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. ஓட்டுநரின் தலையை வெட்டினார்கள். ஐந்து தாலிபான் கைதிகளை ஆப்கன் அரசு விடுவித்ததும் இத்தாலியர் வீடு திரும்பினார். அஜ்மலுக்காக யாரும் அப்படிப் பேரம் முடிக்கவில்லை. ஏப்ரல் 8 அன்று அவரையும் கொன்றார்கள். தம் பாட்டுக்கு வேலை செய்தவருக்கு அந்தப் பழி ஒட்டும் பெயரை நாமே சூட்டக் கூடாது.

‘உள்ளூர்த் தயாரிப்பாளர்’ பற்றி: ஆங்கிலத்தில் ‘ஃபிக்சர்’ என்ற சொல்லுக்கே தில்லுமுல்லுக்காரர் என்ற வாடை உண்டு. அதனால் ‘லோக்கல் புரொடியூசர்’ என்று போடச் சொல்பவர்கள் அந்தத் தொழிலிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் தமிழில் தயாரிப்பாளர் என்றால் சினிமாவுக்குப் பணம் போடுபவர். ‘ஏற்பாட்டாளர்’ என்றாலோ பந்தலும் பந்தியும் ஒப்பந்தம் எடுத்தவர் போலத் தோன்றுகிறது.

என் மனம் உண்மையில் ‘துபாஷி’யின் மீதுதான் போனது. ஐரோப்பிய வணிகருக்கும் உள்ளூராருக்கும் இடையே நின்ற இருமொழியாளரை அந்நாளில் அப்படித்தான் அழைத்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வெறும் பேச்சையா மாற்றிச் சொன்னார்? ஆளைப் பிடித்தார், பேரம் பேசினார், ஊர் நிலவரம் சொன்னார். போதாக்குறைக்கு 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பும் எழுதி, துரைமார் அறிக்கைகளில் வராத செய்தியையெல்லாம் நமக்கு விட்டுச் சென்றார். ஆனாலும் அந்தச் சொல்லில் கும்பினி வணிகத்தின் கமிஷன் நெடி இன்னும் போகவில்லை. இன்றைய வாசகருக்குப் புரியவும் புரியாது. விட்டுவிடுகிறேன், மனமில்லாமல்.

என் பரிந்துரை: களத்துணை. ‘துணை ஆட்சியர்’ என்பதில் வரும் துணை அல்ல இது. வழித்துணை என்கிறோமே, அந்தத் துணை. ஊர் தெரியாதவருக்கு ஊர் தெரிந்தவர் உடன் வருவது. கீழ்நிலைப் பொருள் இதில் இல்லை.

> களத்துணைவர் என்றால் நிருபரின் கணவர் என்று நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள் அம்மா, அதனால்தான் ‘வர்’ விகுதியை வெட்டினேன். ஆண், பெண் இருவருக்கும் ‘களத்துணை’ என்றே நிற்கட்டும். வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: “2022 மார்ச் 14 அன்று கீவ் அருகே ஹொரென்காவில் நடந்த தாக்குதலில் ஃபாக்ஸ் நியூஸ் ஒளிப்பதிவாளர் பியர் ஸக்ரெவ்ஸ்கியும் களத்துணை ஒலெக்சாண்ட்ரா குவ்ஷினோவாவும் கொல்லப்பட்டார்கள்.” 24 வயதுப் பெண் அவர். நிறுவனத்தின் அறிவிப்பு அவரை ‘ஆலோசகர்’ என்றது. செய்தி வாக்கியத்தில் ‘களத்துணை’ உறுத்தாமல் உட்காருகிறது என்றே எனக்குப் படுகிறது.

பன்மை மட்டும் இடிக்கிறது. ‘களத்துணைகள்’ அஃறிணைபோல் ஒலிக்கிறது. ‘களத்துணையர்’ என்று வைக்கலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். ‘ஸ்டிரிங்கர்’ (செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பகுதிநேர நிருபர்) வேறு பணி. அதற்குத் தனி இழை தொடங்குவோம், இங்கே கலக்க வேண்டாம். மறுப்பு இல்லையென்றால் இந்த வாரக் கடைசியில் இணைய அகராதியான விக்சனரியில் பதிவேற்றிவிடுகிறேன்.