லினக்ஸ் போட்ட லாப்ல பாமினியில அடிச்சா "கடல்" "குடல்" ஆகுது, ஆராவது உதவுங்கோ

உப்புவெளி_ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில ஒரு பாடசாலையில ஐசிடி படிப்பிக்கிறன். லாப்ல 14 மெசின், எல்லாம் 2 ஜிபி ராம் உள்ள பழசுகள், விண்டோஸ் 7 தான் ஓடினது, பிள்ளைகள் பென் டிரைவைக் குத்தின உடன எல்லா போல்டரும் ஷோர்ட்கட்டா மாறிடும், மாசம் ரெண்டு தரம் போர்மட் பண்ணியே எனக்கு அலுத்துப் போச்சு. போன லீவுக்குள்ள தனிய இருந்து 14லயும் விண்டோசை எடுத்துப்போட்டு லினக்ஸ் மின்ட் (பழைய மெசினுக்குப் பாரமில்லாத எக்ஸ்எப்சிஇ வகை) போட்டன். பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இல்ல, ஓ.எல் பாஸ்கலுக்கு ப்ரீ பாஸ்கல் இருக்கு, லிப்ரே ஒபிஸ் இருக்கு, ரெண்டு நாளில பழகிட்டினம்.

பிரச்சினை எல்லாம் ஸ்டாப் ரூம்தான். வினாத்தாள் எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் பொண்டில. முதல்ல திறந்தா வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்தது, பொண்ட் பைலைக் கொண்டு வந்து போட்டன், சரியாச்சு. ஆனா புதுசா அடிக்கேக்க எழுத்து தானா மாறுது. விஞ்ஞான சேர் "கடல்" எண்டு அடிச்சிட்டு ஸ்பேஸ் தட்டினா "குடல்" எண்டு நிக்குது. "மரம்" முரம், "படம்" புடம். சில சொல்லு மாறுது சிலது மாறேல்ல. அதிபர் "பழையபடி விண்டோசையே போடுங்கோ பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டார். பொண்ட் பழுதா இல்லாட்டி லினக்சுக்கும் வைரஸ் வந்திட்டுதா?

மான்குட்டி_திருமலை

கெப்ஸ் லொக் ஒன்ல இருக்கும், பாருங்கோ ரீச்சர்.

உப்புவெளி_ரீச்சர்

இல்ல தம்பி, பாத்திட்டன். கெப்ஸ் லொக் எண்டா முழுச் சொல்லும் எல்லே குழம்பும்? இது முதல் எழுத்து மட்டும்.

கிண்ணியா_பாலம்

நம்மட ஸ்கூல்லயும் இப்படித்தான் ஒரு மெசின் என்னென்னவோ செய்தது, கடைசியில பாத்தா ராம்தான். கடலோரம் தானே, உப்புக்காத்துல அந்த மஞ்சள் பல்லு கறுத்துடும். கழட்டி பென்சில் அழிரப்பரால நல்லா தேச்சிட்டு போட்டுப் பாருங்க டீச்சர். உங்கட கேஸுக்கு இது இல்லெண்டாலும் வருசத்துக்கு ஒருக்கா செய்யுங்க, பாதி மெசின் "செத்துட்டு" எண்டு மூலையில கிடக்கிறது இதாலதான்.

கொட்டியாரக்_காகம்

ரீச்சர், ஒரு கேள்வி. ஒவ்வொரு சொல்லிலயுமா, இல்ல வசனத்தின்ர தொடக்கத்தில மட்டுமா?

உப்புவெளி_ரீச்சர்

பொறுங்கோ, அடிச்சுப் பாத்திட்டு வாறன்.

ஓம்!! தொடக்கத்தில மட்டும்தான். வசனத்துக்கு நடுவில "கடல்" எண்டு அடிச்சா ஒண்டும் ஆகேல்ல. புது வரியில "அலை" அடிச்சன், "ஆலை" ஆகுது.

கொட்டியாரக்_காகம்

அப்ப வைரசும் இல்ல, பொண்டும் பழுதில்ல. பாமினி எண்டுறது தமிழ் மாதிரித் தெரியுற ஆங்கிலம். நீங்க க அடிக்கேக்க கொம்பியூட்டருக்குள்ள போறது சின்ன எப், பொண்ட்தான் அதுக்குத் தமிழ்ச் சட்டை போட்டு விடுது. ஷிப்ட்டோட பெரிய எப் அடிச்சா கு. ம, ப, த எல்லாம் அப்படித்தான், சின்ன எழுத்து அகரம், பெரிய எழுத்து உகரம். அ-வுக்கு சின்ன எம், ஆ-வுக்கு பெரிய எம். இப்ப லிப்ரே ஒபிஸ் என்ன நினைக்குது, "இவர் ஆங்கிலம் எழுதுறார், வசனத்தின்ர முதல் எழுத்து பெரிசா இருக்க வேணுமே" எண்டு ஸ்பேஸ் தட்டின உடன திருத்தி விடுது. கடல் குடல் ஆகிறது அங்கதான். மைக்ரோசொப்ட் வேர்ட்லயும் இதே வேலை இருக்கு, உங்கட பழைய மெசின்ல எப்பவோ ஆரோ நிப்பாட்டி வச்சிருப்பினம், ஒருத்தருக்கும் ஞாபகமில்ல.

லிப்ரே ஒபிஸ் ரைட்டரைத் திறந்து டூல்ஸ் மெனுவில ஆட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் போங்கோ. அதுக்குள்ள ஒப்ஷன்ஸ் எண்ட பக்கத்தில வசனத்தின்ர முதல் எழுத்தைப் பெரிசாக்கிறதுக்கு ஒரு வரி, ரெண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தா திருத்திறதுக்கு ஒரு வரி. ரெண்டிலயும் சரி அடையாளத்தை எடுத்து விடுங்கோ. அவசரத்துக்கு எண்டா மாறின உடன கொன்ட்ரோல் இசட் ஒருக்கா தட்டினாலும் பழைய எழுத்து வந்திடும்.

உப்புவெளி_ரீச்சர்

வேலை செய்யுது!! தலையிடி போச்சு. ஆனா என்ர லொகின்ல சரி, மற்ற சேர்மார் பாவிக்கிற லொகின்ல திரும்ப குடல்தான். அதில பாமினி பொண்டும் தெரியுதில்ல.

கொட்டியாரக்_காகம்

ரெண்டும் ஆளுக்காள் தனித்தனி. ஆட்டோகரெக்டை ஒவ்வொரு லொகினுக்குள்ளயும் போய்த்தான் மாத்த வேணும். பொண்டை உங்கட ஹோம் போல்டருக்குள்ள போட்டிருப்பீங்க, அதால அது உங்களுக்கு மட்டும். அட்மினா போய் யூஎஸ்ஆர், அதுக்குள்ள ஷேர், அதுக்குள்ள பொண்ட்ஸ், அங்க கொப்பி பண்ணி விட்டா அந்த மெசின்ல ஆர் வந்தாலும் தெரியும். பிரின்ட் எடுக்க டவுனுக்குக் கொண்டு போறதெண்டா பைலை அப்படியே குடுக்காதேங்கோ, பிடிஎப் ஆக்கிக் குடுங்கோ, பொண்டும் சேர்ந்து உள்ளுக்க போயிடும், கடைக்காரரிட்ட பாமினி இருக்கா இல்லையா எண்ட கதையே வராது.

மான்குட்டி_திருமலை

இந்தக் காலத்திலயும் பாமினியா? எல்லாத்தையும் யுனிகோடுக்கு மாத்துங்கோவன், இணையத்தில கன்வேர்ட்டர் கிடக்கு.

கிண்ணியா_பாலம்

தம்பி, கன்வேர்ட்டர்ல ஐசிடி பேப்பர் ஒண்டப் போட்டுப் பாருங்க. நான் போட்டேன். ராம் எண்டு ஆங்கிலத்தில இருந்த மூணு எழுத்தும் "சுயுஆ" எண்டு வந்திச்சு. அதுக்கு எது ஆங்கிலம் எது பாமினி எண்டு தெரியாது, எல்லாத்தையும் தமிழாக்கிடும். ஒரு பேப்பர் திருத்த ஒரு மணித்தியாலம் போச்சு எனக்கு. பழசக் கிடக்க விடுங்க, புதுசா அடிக்கிறத மட்டும் யுனிகோட்ல அடிங்க.

கொட்டியாரக்_காகம்

அதுதான் சரி. ரீச்சர், சொப்ட்வேர் மனேஜர்ல ஐபஸ்-எம்17என் எண்டு தேடிப் போடுங்கோ, யுனிகோட்ல தமிழ் அடிக்கிறதுக்கு அதுதான், லொக் அவுட் பண்ணி வந்து இன்புட் மெத்தட்ல தமிழுக்குள்ள பாத்தா ரெங்கநாதன் இருக்கும், எங்கட நாட்டு விசைப்பலகை. பாமினி அடிச்ச விரலுக்கு அது பெரிய மாற்றமாத் தெரியாது, க, த, ம எல்லாம் அதே கட்டையிலதான். யுனிகோட்ல அடிச்சா தமிழ் தமிழாவே போகும், பெரிய எழுத்து சின்ன எழுத்து எண்ட கதை இல்ல, தேடினாலும் அம்பிடும்.

விண்டோசுக்குத் திரும்பச் சொன்னா அதிபரிட்ட ஒண்டு கேளுங்கோ, எந்த விண்டோஸ் எண்டு. 7க்கு சப்போர்ட் 2020 ஜனவரியோட முடிஞ்சுது, 10க்கு 2025 ஒக்டோபரோட. 11 கேக்கிறது 4 ஜிபி ராம், உங்கட மெசின்ல 2.

உப்புவெளி_ரீச்சர்

எல்லாருக்கும் கோடி நன்றி. 14 மெசினிலயும் மாத்தியாச்சு, ரெங்கநாதனும் போட்டாச்சு. விஞ்ஞான சேர் "பாக்கிறன், பாக்கிறன்" எண்டுறார், சமூகக்கல்வி மிஸ் அடிக்கத் தொடங்கிட்டா. அதிபர் ஒண்டும் சொல்லேல்ல, அவர் பேசாம இருந்தா ஓம் எண்டு அர்த்தம்.

ஒரே ஒரு சோகம். நான் இங்க கேக்க முதலே சேர் தரம் 8க்கு ஒரு சோதனைத்தாள் அடிச்சு போட்டோகொப்பியும் எடுத்துக் குடுத்திட்டார். "கடலில் வாழும் முள்ளந்தண்டிலிகள் இரண்டு எழுதுக" எண்டு இருக்க வேண்டியது குடலில் எண்டு போயிட்டுது. முக்கால்வாசி பிள்ளைகள் அச்சுப் பிழை எண்டு விளங்கி நண்டு, றால் எண்டு எழுதியிருக்குதுகள். ஒருத்தன் மட்டும் நாடாப்புழு, வட்டப்புழு எண்டு எழுதி வச்சிருக்கிறான். சேர் அரை மணித்தியாலம் யோசிச்சுப்போட்டு அவனுக்கும் முழுப் புள்ளி போட்டார்.