புதிய கர்னலில் பலகை பூட் ஆகவில்லை, ரூட் டிவைஸுக்காகக் காத்தே நிற்கிறது – தீர்ந்தது

சிவப்புஎல்இடி:
வணக்கம். என்னிடம் இருப்பது எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும் 64 பிட் ஆர்ம் பலகை. தயாரிப்பாளர் தரும் லினக்ஸ் கர்னல் மரத்தை (மூலக் கோடு முழுவதையும்) நானே பில்ட் செய்து போடுகிறேன். பழைய டேக்கில் (பெயரிட்ட பதிப்பில்) எந்தக் குறையும் இல்லை. புதிய டேக்கில் கர்னல் ஏறுகிறது, சீரியல் கன்சோலில் செய்திகள் ஓடுகின்றன, பிறகு "வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்" என்ற வரியோடு, அதாவது ரூட் கோப்பு முறைமை இருக்கும் சாதனத்துக்காகக் காத்தபடி, அப்படியே நின்றுவிடுகிறது. பேனிக் (கர்னலே நின்றுபோகும் கடும் பிழை) இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. கான்ஃபிக்கை ஒப்பிட்டுவிட்டேன்; எம்எம்சி டிரைவர் (எஸ்டி கார்டை இயக்குவது), எக்ஸ்ட்4 (கோப்பு முறைமை) இரண்டும் மாட்யூலாக இல்லாமல் கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கார்டை மாற்றினாலும் இதேதான். எம்எம்சி டிரைவர் கோப்பில் இரண்டு டேக்குக்கும் இடையே ஒரு எழுத்துகூட மாறவில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

ஹெக்ஸ்டம்ப்:
பேனிக் வராததற்குக் காரணம் உங்கள் கட்டளை வரியில் இருக்கும் ரூட்வெயிட்; ரூட் சாதனம் வரும்வரை காத்திருக்கச் சொல்வது அது. அதை எடுத்துவிட்டு பூட் செய்யுங்கள். "அன்நோன்-பிளாக்" என்று பேனிக் வரும், பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். 0,0 என்றால் கர்னலுக்கு அந்தச் சாதனமே தெரியவில்லை. 179,2 என்றால் கார்டின் இரண்டாம் பார்ட்டிஷன் தெரிகிறது, கோப்பு முறைமையில்தான் சிக்கல். கூடவே, புதிய டிவைஸ் ட்ரீ கோப்போடு (பலகையில் என்னென்ன வன்பொருள் என்று கர்னலுக்குச் சொல்வது) பழைய கர்னலை ஏற்றிப் பாருங்கள். அது பூட் ஆனால் டிவைஸ் ட்ரீயைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

நள்ளிரவுபில்ட்:
கோடைத் துப்புரவு செய்கிறோம் என்ற பெயரில் ஏதாவது ஃபங்ஷனுக்கு, பூட் நேரத்துக்கு மட்டும் என்று சொல்லும் இனிட் குறியைத் தவறாகப் போட்டிருப்பார்களோ? பூட் முடிந்ததும் அந்த நினைவகத்தைக் கர்னல் விடுவித்துவிடும். பிறகு அதே ஃபங்ஷனை யாராவது கூப்பிட்டால் ஆள் காலி.

ஹெக்ஸ்டம்ப்:
நல்ல சந்தேகம்தான், ஆனால் இங்கே பொருந்தாது. "ஃப்ரீயிங் அன்யூஸ்டு கர்னல் மெமரி" என்ற வரி ரூட் மவுண்ட் ஆன பிறகுதான் வரும். இவருடைய பூட் அதுவரை போகவே இல்லையே.

சிவப்புஎல்இடி:
0,0 தான் வருகிறது. புதிய டிவைஸ் ட்ரீயோடு பழைய கர்னல் நன்றாக பூட் ஆகிறது.

ஹெக்ஸ்டம்ப்:
அப்படியென்றால் கர்னல் கோடுதான். கிட் பைசெக்ட் போடுங்கள்: நல்ல, கெட்ட பதிப்புகளுக்கு இடையிலான கமிட்களை (பதிவான மாற்றங்களை) ஒவ்வொரு சுற்றிலும் பாதியாக்கிக் குற்றவாளியைத் தேடும். 1,000 கமிட் இருந்தால் சுமார் 10 சுற்று, 10,000 இருந்தால் சுமார் 14 சுற்று, அவ்வளவுதான். பொறுமையாகச் செய்தால் ஊகம் எதுவும் தேவைப்படாது. சில விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

லோக்கல்வெர்ஷன் ஆட்டோவை கான்ஃபிக்கில் இயக்கி வையுங்கள். பூட் செய்தியின் தொடக்க வரிகளிலேயே கமிட் எண் தெரியும். பைசெக்ட் கெட்டுப்போக முக்கியக் காரணம், பழைய இமேஜையே திரும்ப பூட் செய்துவிட்டு "நல்லது" என்று குறித்துவிடுவது. யூ-பூட்டில் (கர்னலை ஏற்றும் பூட்லோடர்) டிஎஃப்டிபி வழியாக, அதாவது நெட்வொர்க்கில், இமேஜை ஏற்றினால் கார்டைக் கழற்றி மாட்டும் வேலையும் மிச்சம். பில்ட் ஆகாத கமிட் வந்தால் ஸ்கிப் கொடுங்கள். இன்னொன்று: இதே அறிகுறி வந்தால் மட்டுமே "கெட்டது" என்று சொல்லுங்கள். வேறு எங்காவது விழுந்தால் அதற்கும் ஸ்கிப்தான். இல்லையென்றால் பைசெக்ட் வேறொரு பிழையைத் துரத்திக்கொண்டு போய்விடும்.

சிவப்புஎல்இடி:
பைசெக்ட் முடிந்தது. ஆனால் அது காட்டும் கமிட்டை நம்ப முடியவில்லை. ஐ2சி பஸ் (சிப்களை இணைக்கும் தொடர் இணைப்பு) டிரைவரில் செய்த துப்புரவு அது. சப்சிஸ் இனிட்காலுக்காக (பூட்டின்போது டிரைவரைத் தொடங்கிவைக்கும் அழைப்பு) கையால் எழுதியிருந்த தொடக்க, முடிவு ஃபங்ஷன்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மாட்யூல் பிளாட்ஃபார்ம் டிரைவர் என்ற ஒற்றை மேக்ரோவை வைத்திருக்கிறார்கள். கமிட் செய்தியில் "செயல்பாட்டில் மாற்றம் இல்லை" என்று வேறு இருக்கிறது. எஸ்டி கார்டுக்கும் ஐ2சிக்கும் என்ன தொடர்பு? எங்காவது தப்பாகக் குறித்துவிட்டேனா?

ஹெக்ஸ்டம்ப்:
புதிய டேக்கின் மேல் அந்த ஒரு கமிட்டை மட்டும் ரிவர்ட் செய்து (திரும்பப் பெற்று) பாருங்கள். பூட் ஆனால் பைசெக்ட் சொன்னது சரி. ஆகும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் செயல்பாடு உண்மையிலேயே மாறியிருக்கிறது. கர்னலுக்குள் கட்டிய டிரைவர்கள் படிப்படியாகத் தொடங்கும்: கோர், போஸ்ட்கோர், ஆர்க், சப்சிஸ், எஃப்எஸ், டிவைஸ், லேட் என்று வரிசை. சப்சிஸ் 4ஆம் படி. அந்த மேக்ரோ டிரைவரை 6ஆம் படியான டிவைஸுக்குத் தள்ளிவிடும். ஐ2சி டிரைவரின் வேலை அதேதான், வேலைக்கு வரும் நேரம்தான் தாமதமாகிவிட்டது.

இப்போது இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் எம்எம்சி டிரைவர் எந்தப் படியில் பதிவாகிறது? கார்டுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது? இனிட்கால் டீபக், இக்னோர் லாக்லெவல் இரண்டையும் கட்டளை வரியில் சேர்த்து, பழைய கர்னலின் பூட் லாகையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

சிவப்புஎல்இடி:
ரிவர்ட் செய்தால் பூட் ஆகிறது!

தயாரிப்பாளரின் எம்எம்சி டிரைவர் எஃப்எஸ் இனிட்காலில், அதாவது 5ஆம் படியில் பதிவாகிறது. ரெகுலேட்டர் இருப்பது மின் மேலாண்மைச் சிப்பில். அந்தச் சிப் தொங்குவது அதே ஐ2சி பஸ்ஸில்! பழைய லாகில் ஐ2சி முதலில், எம்எம்சி பிறகு. புதியதில் தலைகீழ். எம்எம்சியின் ப்ரோப் (சாதனத்தைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்) 19 என்ற பிழை எண்ணோடு முடிகிறது, அதன் பிறகு யாரும் அதைக் கூப்பிடவே இல்லை.

ஒன்று புரியவில்லை. ரெகுலேட்டர் இன்னும் வரவில்லை என்றால் 517, அதாவது ப்ரோப் டெஃபர் வந்து, பிறகு கர்னலே மறுபடி முயலவேண்டும் அல்லவா?

ஹெக்ஸ்டம்ப்:
ரெகுலேட்டர் கட்டமைப்பு 517ஐத்தான் தந்திருக்கும். எம்எம்சி டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். ரெகுலேட்டர் கேட்கும் இடத்தில் எந்தப் பிழை வந்தாலும் 19, அதாவது "சாதனம் இல்லை" என்று மாற்றித் திருப்பியிருப்பார்கள். 19 வந்தால் டிரைவர் கோர் மறுபடி முயலாது. சாதாரண லாகில் ஒரு வரிகூட எழுதாது. பிழைச் செய்தியே வராமல் நீங்கள் தவித்தது அதனால்தான்.

சந்தேகமில்லாமல் உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ரிவர்ட் செய்யாத கர்னலை ஒரு சின்ன இனிட்ராம்எஃப்எஸ்ஸோடு (நினைவகத்தில் ஏறும் தற்காலிக ரூட்) ஏற்றி ஷெல்லுக்கு வாருங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்த எம்எம்சி டிரைவரின் பைண்ட் கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதுங்கள். இப்போது கார்டு தெரிந்தால் நேரம் ஒன்றுதான் பிரச்சினை.

சிவப்புஎல்இடி:
எழுதிய கணமே கார்டும் இரண்டு பார்ட்டிஷன்களும் வந்துவிட்டன. கோடும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. அப்படியானால் துப்புரவுக் கமிட்டை ரிவர்ட் செய்யச் சொல்லிப் பேட்ச் அனுப்பட்டுமா?

நள்ளிரவுபில்ட்:
ரிவர்ட் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் துப்புரவு நல்ல துப்புரவு. 2012இல் டெஃபர் வசதி வந்ததே இப்படிப் படி எண்ணை வைத்து வரிசையைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கத்தை விடுவதற்காகத்தான். எம்எம்சி டிரைவரைத் திருத்துங்கள்: வந்த பிழை எண்ணை அப்படியே திருப்பினால் போதும். 5.9 முதல் டெவ் எர்ர் ப்ரோப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உண்மையான பிழையை லாகில் எழுதும், டெஃபர் என்றால் சத்தம் போடாது, எண்ணையும் திருப்பித் தரும்.

ஹெக்ஸ்டம்ப்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "செயல்பாட்டில் மாற்றம் இல்லை" என்ற வரியை அந்தக் கமிட்டில் எழுதியிருக்கக் கூடாது. இனிட்கால் படியைத் தொடும் துப்புரவில் அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், லாகைப் பார்த்த முதல் ஆளே பிடித்திருப்பார்.

சிவப்புஎல்இடி:
டிரைவரைத் திருத்தி, ரிவர்ட் இல்லாமல் பூட் செய்தேன். எம்எம்சி முதலில் 517 தருகிறது, ரெகுலேட்டர் வந்ததும் மறுபடி ப்ரோப் ஆகிறது, ரூட் மவுண்ட் ஆகிவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று: பேட்சின் ஃபிக்ஸஸ் வரியில் (எந்தக் கமிட்டின் பிழையைத் திருத்துகிறது என்று சொல்வது) எந்தக் கமிட்டைப் போடுவது?

ஹெக்ஸ்டம்ப்:
பிழை எண்ணை மாற்றும் கோடு எம்எம்சி டிரைவருக்குள் எந்தக் கமிட்டில் வந்ததோ, அதை. கிட் ப்ளேமில் கிடைக்கும். ஐ2சி துப்புரவுக் கமிட்டின் எண்ணையும் விளக்கத்தில் குறிப்பிடுங்கள். அதைப் பழைய கிளைக்குக் கொண்டுபோகிறவர்கள் உங்கள் திருத்தத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.