தைராய்டு மாத்திரையும் நெஞ்செரிச்சலும்: காலையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் உறவுகளே. காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன், வயது 46. தைராய்டு குறைவாகச் சுரப்பதால் நாலு வருடமாகத் தைராக்ஸின் 75 போடுகிறேன். போன வருடம் நெஞ்செரிச்சலும் வந்து சேர்ந்தது. அதற்குப் பான்டோபிரசோல் 40. இரண்டுமே சாப்பாட்டுக்கு முன்னால்!

ஐந்தரைக்குத் தைராக்ஸினை விழுங்கிவிட்டு, அடுப்படியில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனையோடு வளவுத் தூணில் சாய்ந்து ஒரு மணி நேரம் காத்திருப்பேன். அதற்குள் புளிப்பு தொண்டைக்கு ஏறிவிடும்.

பான்டோபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, தைராக்ஸின் உடம்பில் சேர்வதைக் குறைக்கலாமாம். டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 9-க்கு ஏறிய பிறகுதான் டாக்டர் சொன்னார். இப்போது தைராக்ஸினை 88 ஆக்கியிருக்கிறார். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. கால்சியம் மாத்திரையை நாலு மணி நேரம் தள்ளிப் போடுகிறேன்.

போன வாரம் ஆச்சி வீட்டு விசேஷத்தில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும். ஆறு தின்றேன் (பொய், எட்டு). விடிய விடிய உட்கார்ந்தேதான் இருந்தேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இரண்டும் உள்ளவர்களில் யாராவது தைராக்ஸினை ராத்திரி, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடுகிறீர்களா? டி.எஸ்.எச். ஒழுங்காக நிற்கிறதா? டாக்டரைக் கேட்காமல் மாற்ற மாட்டேன், உங்கள் அனுபவம் தெரிந்தால் விவரமாகக் கேட்கலாம். அப்புறம், பணியாரத்துக்கு எரியாத சட்னி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.