உலக சமூக மாமன்றத்தில் நாங்கள் சந்தித்த மனிதர்கள்: அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

2004 ஜனவரி 16 முதல் 21 வரை மும்பை கோரேகாவில் நடந்த உலக சமூக மாமன்றத்துக்கு, தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்கள் பதினொரு பேருடன் போயிருந்தேன். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். எனக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதால் துணைக்கு அனுப்பினார்கள். பெருநிறுவனங்களின் உலகமயமாக்கலுக்கு மாற்றுத் தேடிப் பல நாட்டு மக்கள் இயக்கங்கள் கூடிப் பேசும் இடம் அது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 2001இல் தொடங்கிய மாமன்றம் அந்த ஊரை விட்டு வெளியே கூடியது அதுதான் முதல் முறை. பழைய தொழிற்கூடக் கொட்டகைகள், துணியாலும் சணலாலும் தடுத்த அரங்குகள், விடிந்தது முதல் ஓயாத பறையொலி. தொடக்க நாளில் எழுத்தாளர் அருந்ததி ராயும் ஈரானிய மனித உரிமை வழக்கறிஞர் ஷிரின் எபாடியும் பேசினார்கள். கேட்டோம், கை தட்டினோம். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் என் மனத்தில் நிற்பது மூன்றாம் நாள் ஒரு சிறிய அரங்கில் நடந்ததுதான்.

நில உரிமை பற்றிய அமர்வு அது. பிரேசிலின் நிலமற்ற தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் போர்ச்சுகீசிய மொழியில் பேச, ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் எங்கள் அக்காமார் காதருகே குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலம் சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்று தங்கள் நாட்டின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பே சொல்வதாகவும், அதைப் பிடித்துக்கொண்டுதான் தரிசாகக் கிடக்கும் பண்ணைகளில் குடியேறுவதாகவும் அவர் விளக்கினார். எங்களில் மூத்த அக்கா சட்டென்று எழுந்துவிட்டார். "தம்பி, இதைக் கேட்டுச் சொல்லு. நாங்கள் வேலை செய்யும் அளம் தரிசு இல்லை. நாங்கள்தான் பாத்தி மிதித்து உப்பு வாருகிறோம். ஆனால் குத்தகைச் சீட்டில் எங்கள் பெயர் இல்லை. மழை பிடித்தால் மூன்று மாதம் கூலியும் இல்லை. உங்கள் சட்டத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது?"

கேள்வி மூன்று மொழி தாண்டிப் போய்ச் சேர எவ்வளவு நேரமானதோ, அதுவரை அக்கா உட்காரவே இல்லை. அந்த மனிதர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "குத்தகை எப்போது முடிகிறது? யாரிடமிருந்து எடுத்திருக்கிறார்கள்?" அக்காவுக்குத் தெரியவில்லை. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக வெயிலில் கண் கூசி, உப்புநீரில் கால் வெடித்து உழைத்த இடம் யாருக்குச் சொந்தம் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதை விசாரிப்பது என்று அன்று இரவே முடிவு செய்தார்கள்.

மறுமொழி (மொழிபெயர்ப்பில் தன்னார்வலராக இருந்தவர்)

படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் வேறோர் அரங்கில் இருந்தேன். காதில் மாட்டும் கருவிகள் பாதி வேலை செய்யவில்லை, நின்றபடியே உரக்கச் சொன்னோம். எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடும் கொள்கையை 'நவதாராளவாதம்' என்று நான் சொன்னபோது முன்வரிசை முகங்கள் அப்படியே வெறுமையானதை மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சொல்லையும் உடைத்துத்தான் சொன்னேன். போர்ட்டோ அலெக்ரேயில் 1989 முதல் நடந்த பங்கேற்பு வரவுசெலவுத் திட்டம் பற்றிய பேச்சை இப்படிச் சொன்னேன்: "நகராட்சிப் பணத்தில் முதலில் எந்தத் தெருவுக்குச் சாக்கடை, எதற்குத் தண்ணீர்க் குழாய் என்பதைத் தெருக்காரர்களே கூடிக் கை தூக்கி முடிவு செய்கிறார்கள்."

தலித் பேரணியோடு வந்திருந்த ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, எங்கள் ஊரில் கூட்டம் கோயில் வாசலில் நடக்கும். நாங்கள் தெருமுனையில் நிற்போம். அங்கிருந்து தூக்கினால் கை கணக்கில் வருமா?" இதை மேடைக்குச் சொன்னேன். பேச்சாளர் நல்லவர், கவனமாகக் கேட்டார். ஆனால் அவருக்குப் புரிய வைக்கவே அமர்வு முடிந்துவிட்டது. சாதியைத் தொடாத எந்த மாற்றுப் பொருளாதாரமும் நம் ஊரில் தெருமுனையோடு நின்றுவிடும் என்பதை நான் அந்தப் பெரியவரிடம்தான் கற்றேன்.

மறுமொழி (சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தவர்)

மாமன்றத்தை விமர்சித்த இடதுசாரி அமைப்புகள் அதே நாட்களில் எதிர்த்திடலில் நடத்திய 'மும்பை எதிர்ப்பு 2004' கூட்டத்துக்கு வந்தவன் நான். மாமன்றத்தார் தொண்டு நிறுவனப் பணத்தில் கூடுகிறார்கள் என்பது எங்கள் விமர்சனம். மாமன்றத்தின் இந்திய அமைப்புக்குழு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை நிதியை மறுத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் மனக்குறை வேறு. மாமன்றத்தின் பெயரால் யாரும் தீர்மானம் நிறைவேற்ற முடியாது என்று அதன் சாசனமே சொல்கிறது. அத்தனை ஆயிரம் பேர் கூடிவிட்டு ஒரு தீர்மானமும் இல்லாமல் கலைவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அந்த அக்காவின் கேள்விக்கு யார் பொறுப்பு?

மறுமொழி (காத்மாண்டு சென்றவர்)

2024 பிப்ரவரியில் காத்மாண்டுவில் கூடிய மாமன்றத்துக்குப் போனேன். வளைகுடாவில் எட்டு ஆண்டுகள் கட்டட வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரு நேபாளிப் பெண்மணியைச் சந்தித்தேன். கணவர் கத்தாரில் தூக்கத்தில் இறந்துவிட்டார். சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்று எழுதியிருந்ததால் இழப்பீடு கிடைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை இந்தியில் ஒரு மணி நேரம் பேசினோம். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நேபாளித் தோழனின் மாவட்டம்தான் அவருக்கும். வேறு சொல்லத் தெரியவில்லை.

முதல் பதிவை எழுதியவர்

எதிர்த்திடல் தோழரே, உங்கள் கேள்வி நியாயமானது. நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டு கிராம சபைக் கூட்டத்துக்கு அக்கா போனார். அதற்கு முன் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்களாம். தீர்மானப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தால்தான் கையெழுத்து என்று அக்கா நின்றார். மற்ற எட்டுப் பெண்களும் கூடவே நின்றார்கள். குத்தகை விவரம் கேட்டு ஒரு தீர்மானம் எழுத வைத்தார்கள். விவரம் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. பெரும்பகுதி அரசு நிலம்.

குத்தகைச் சீட்டில் இன்னும் அவர்கள் பெயர் ஏறவில்லை. உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரத் தொடங்கியபோது அக்காவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அளத்துக்குப் போவதில்லை. மகள் பெயரில் வந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூன்று மாதத்துக்கு இதுவா?" என்று கேட்டார். அடுத்த கிராம சபை எந்தத் தேதி என்றும் கேட்டார்.