அரங்கேற்றத்துக்கு வண்ண விளக்கு: அழகா, இடைஞ்சலா?

கடைசி வரிசை:
போன வாரம் உறவுக்காரப் பெண்ணின் அரங்கேற்றம். மேடையின் நிறம் எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணத் தொடங்கி, வர்ணம் என்கிற அந்த நீண்ட உருப்படி பாதியில் இருக்கும்போதே கைவிட்டேன். நாயகிக்குக் கோபம் வந்ததும் மேடை முழுவதும் ஒரே சிவப்பு. விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் இட்டிருந்த செம்பஞ்சுச் சாயம் அந்தச் சிவப்பில் கரைந்து போயிற்று. எது விரல், எது கை என்றே தெரியவில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு முத்திரை தெரியத்தானே அதை இடுகிறார்கள்? பரதத்துக்கு வெள்ளை வெளிச்சம் போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மேடைக்குப் பின்னால்:
வந்துவிட்டேன். இருபது ஆண்டுகளாக விளக்கு அமைக்கிறேன். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்பதற்காக உப்பே வேண்டாம் என்கிறீர்கள். நிறம் பின்னாலிருந்தும் மேலிருந்தும் வர வேண்டும். முகத்துக்கு முன்பக்கம் இருபுறமிருந்தும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் இளமஞ்சள் சாயலுள்ள வெள்ளை ஒளி. இப்படி அமைத்தால் பின்திரை கருநீலமானாலும் செம்பஞ்சு செம்பஞ்சாகவே தெரியும். நீங்கள் கேட்கும் வெறும் வெள்ளையை நேர் எதிரே வைத்துப் பாருங்கள்: ஆள் சுவரில் ஒட்டிய படம் போல இருப்பார், முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியின் ஆழமே தெரியாது.

சலங்கை:
நான் நடன ஆசிரியை. ஆழம் தெரிய வேண்டும் என்று சொல்லித்தான் பக்கவாட்டு விளக்குகளைக் கணுக்கால் உயரத்தில் வைக்கிறீர்கள். உடலின் கோடுகளே பேசும் பாலே நடனத்துக்கு அது பொருந்தும். பதம் என்கிற எங்கள் அபிநயப் பாடலில் பத்து நிமிடம் கால் அசையாமல் புருவம் மட்டும் பேசும். ஒரு கன்னம் இருட்டில் கிடந்தால் பாதிப் பதம் போயிற்று. போதாக்குறைக்கு, ஒளிக்கற்றை தெரிய வேண்டுமென்று புகையை வேறு விடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவரின் தொண்டையை யாராவது நினைத்தார்களா?

மேடைக்குப் பின்னால்:
புகை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அம்மா. பக்க விளக்கு, கால்கள் தாளம் பேசும் ஜதிக்கு ஏற வேண்டும், பதத்துக்கு இறங்க வேண்டும். ஏற்றி இறக்கத்தானே ஒருவன் விளக்குக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் ‘வெள்ளைதான் மரபு’ என்ற தொனி மட்டும் எனக்கு உவப்பில்லை. பரதத்தின் பழைய வடிவமான சதிர் ஆடிய காலத்தில் எண்ணெய் விளக்கும் தீவட்டியும்தான் வெளிச்சம். மஞ்சளாக, அசைந்துகொண்டே இருக்கும் ஒளி அது. 1936இல் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவியும் உடையோடு சேர்த்து ஒளியையும் யோசித்து அமைத்தவர்தானே.

கடைசி வரிசை:
தீவட்டி மஞ்சள்தான். ஆனால் நாயகி கோபித்ததும் தீவட்டி சிவக்கவில்லை! என் சண்டை முழுவதும் இங்கேதான். கோபத்தைக் காட்ட அவளுக்குக் கண் இருக்கிறது. விளக்கு முந்திக்கொண்டு அபிநயம் பிடித்தால் அவள் எதற்கு? 1892இல் பாரிஸில் அமெரிக்க நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர் விரிந்த பட்டுத் துணியைச் சுழற்றி அதன்மேல் வண்ண ஒளியைப் பாய்ச்சி ஆடினார். அங்கே ஒளியும் துணியும் சேர்ந்ததுதான் நடனம். கைவழி நயனம் செல்லும் கலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

பெண்ணைப் பெற்றவள்:
பணம் கொடுத்தவள் பேசுகிறேன். எங்கள் விளக்குக்காரர் ஒத்திகைக்கே வரவில்லை. உடையின் நிறம் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. தேடித் தேடி எடுத்த அரக்குப் பட்டு நீல ஒளியில் கறுப்பாகிவிட்டது. வெள்ளை போட்டபோதும் குழந்தையின் முகம் சாம்பல் பூத்தது போல இருந்தது. வீடியோவில் குறுக்கே கோடு கோடாக ஓடுகிறது. எல்லாம் எல்இடி விளக்கு. பழைய விளக்கே தேவலை போலிருக்கிறது.

மேடைக்குப் பின்னால்:
உங்கள் ஆதங்கம் நியாயமானது. நீல ஒளியில் சிவப்பு என்பதே கிடையாது, பிறகு அரக்கு எதைத் திருப்பி அனுப்பும்? முகம் சாம்பலானதற்குக் காரணம் வேறு. மலிவான எல்இடியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து ‘வெள்ளை’ என்கிறார்கள். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் உரிய இடத்தில் ஒளி மிகக் குறைவு. நம் மாநிறத் தோலும் தங்கச் சரிகையும் அந்த இடத்தை நம்பித்தான் துலங்குகின்றன. கோடுகள் வந்ததற்குக் காரணம், பல எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிந்துதான் மங்குகின்றன, கேமரா அதைப் பிடித்துவிடுகிறது. ஆனாலும் எல்இடியைத் தூக்கியெறிய மாட்டேன். பழைய ஹாலஜன் ‘பார்’ (PAR) வகை மேடை விளக்கு ஒன்றே 1000 வாட். பன்னிரண்டு வைத்தால் 12 கிலோவாட். சின்ன மண்டபத்தின் மின் இணைப்பு தாங்காது, ஆடுகிறவரும் வெந்துபோவார். முகத்துக்கு மட்டும் நான்கு ஹாலஜன், பின்திரைக்கு எல்இடி. இதுதான் என் வழக்கம்.

கடைசி வரிசை:
நான்கு ஹாலஜனோடு நிறுத்துங்கள், பின்திரை கறுப்பாகவே இருக்கட்டும்.

மேடைக்குப் பின்னால்:
கறுந்திரைக்கு முன்னால் கருங்கூந்தல் எங்கே முடிகிறது என்று சொல்வீர்களா? தலையைத் திரையிலிருந்து பிரிக்கப் பின்னாலிருந்து கொஞ்சம் ஒளி வேண்டும், ஐயா. அது நீலமாக இருந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

சலங்கை:
பிப்ரவரியில் என் மாணவிக்கு அரங்கேற்றம். அரக்கு உடை, பச்சைக் கரை. ஒத்திகைக்கு வருவீர்களா? புகை கிடையாது, வர்ணம் முடியும்வரை முன் விளக்கின் நிறத்தில் கைவைக்கக் கூடாது.

மேடைக்குப் பின்னால்:
வருகிறேன். ஒத்திகையன்றும் அதே உடையோடு, செம்பஞ்சு இட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். சுடிதாரில் ஒத்திகை பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் வரும் தில்லானாவுக்கு மட்டும் பின்திரையில் கொஞ்சம் ஆரஞ்சு கேட்பேன்.

கடைசி வரிசை:
எனக்கும் ஓர் அழைப்பு அனுப்புங்கள். வழக்கமான இடத்திலிருந்து விரல்களை எண்ணிப் பார்க்கிறேன்.