சுங்கை சிப்புட்டில் இவ்வளவு வெயில், எனக்கு வைட்டமின் டி குறைவாமே?

தோட்டத்து மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறேன். தலைப்பிள்ளை, ஏழாவது மாதம். இடுப்பும் தொடையும் ஒரே வலி என்று ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன், இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வைட்டமின் டி 34தான் இருக்கிறது, குறைவு என்று 1000 ஐயு (வைட்டமினை அளக்கும் அலகு) மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிங்க் புத்தகம் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) போட்ட கவர்மெண்ட் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியிடம் இன்னும் காட்டவில்லை, அடுத்த வாரம்தான் செக்கப்.

என் மாமியார் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். "காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டினோம், மாத்திரை தின்றா பிள்ளை பெற்றோம், வெயிலில் போய் நில்லு" என்கிறார். நானும் பசியாறிவிட்டு எட்டு மணிக்கு வாசலில் நிற்கிறேன். இணையத்தில் தேடினால் ஒருவர் 30க்கு மேல் இருந்தால் போதும் என்கிறார், இன்னொருவர் 50 வேண்டும் என்கிறார், வேறொருவர் 75 என்கிறார். எதை நம்புவது? அப்புறம் பிள்ளை பிறந்தால் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கப் போகிறேன், அதற்கும் தனியாக வைட்டமின் டி வேண்டுமா? காலை வெயிலில் காட்டினால் போதாதா?

மருந்துக்கடை அக்கா, தைப்பிங்:

தங்கச்சி, முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து 34க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தக் குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சில லேப் நானோமோல் கணக்கில் கொடுக்கும், சில லேப் நானோகிராம் கணக்கில் கொடுக்கும். ஒரு மில்லியில் 1 நானோகிராம் என்றால் ஒரு லிட்டரில் 2.5 நானோமோல். உங்களுடையது 34 நானோமோலாக இருந்தால் நானோகிராமில் 14 கூட இல்லை, அது குறைவுதான். 34 நானோகிராம் என்றால் நன்றாகவே இருக்கிறது. குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருப்பதால் நானோமோலாகத்தான் இருக்கும், ஆனால் நீங்களே பார்த்துவிடுங்கள்.

நீங்கள் படித்த 30, 50, 75 மூன்றும் சும்மா சொன்னது இல்லை. 30 நானோமோலுக்குக் கீழே போனால் எலும்புக்குக் கேடு வரலாம். 50 இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்று அமெரிக்க நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அதே வருடம் அங்குள்ள எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவர்கள் சங்கம் 75 வேண்டும் என்றது. 2024-இல் அந்தச் சங்கமே அந்த அளவைக் கைவிட்டுவிட்டது, ஆனால் கர்ப்பிணிகள் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது என்று சொல்லியிருக்கிறது. நம் மலேசியப் பரிந்துரை, 2017-இல் வந்தது, கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 ஐயு. உங்களுக்குக் கொடுத்த 1000 பயப்பட வேண்டிய அளவே இல்லை, டாக்டர் பார்வை இல்லாமல் தாண்டக் கூடாத உச்ச அளவு 4000. ஏற்கெனவே சாப்பிடும் கர்ப்பகால வைட்டமின் மாத்திரையிலும் கொஞ்சம் டி இருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்துச் சேர்த்துக் கூட்டுங்கள். மத்தியானச் சாப்பாட்டோடு போடுங்கள், எண்ணெய்ப் பசையோடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

ஒன்று மட்டும். ஏழாம் மாதத்து இடுப்புவலி எல்லாமே வைட்டமின் டி குறைவால் வருவது இல்லை. மாத்திரை போட்டும் வலி நிற்கவில்லை என்றால் மிஸ்ஸியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பழைய டிரெஸர்:

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள் அம்மா, ஆனால் அவர் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பால்வெட்டுக்காரர்கள் இருட்டோடு பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய், விடியும்போது மரத்தடியில் நிற்பார்கள். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மேலே ரப்பர் மர நிழல். செம்பனைக் காட்டிலும் அதே கதைதான். வெளியில் வேலை செய்தவர்கள் எல்லாரும் வெயிலில் வேலை செய்ததாக அர்த்தம் இல்லை. அந்தக் காலத்தில் யாருக்கு எவ்வளவு இருந்தது என்று யாரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவும் இல்லை.

எட்டு மணி வெயில் விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது வெயிலில் உள்ள யுவிபி என்னும் புற ஊதாக் கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அது காற்று மண்டலத்தைத் தாண்டி வருவது மிகக் குறைவு. 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளினார்கள், அதனால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1.15க்கு. அந்தக் கணக்கில் நீங்கள் வாசலில் நிற்கும் எட்டு மணி, சூரியனுக்கு ஏழு மணிகூட ஆகவில்லை. உடம்புக்கு இதமாக இருக்கும், நில்லுங்கள், ஆனால் அதில் டி பெரிதாகக் கிடைக்காது. அடையாளம் எளிது: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் யுவிபி வருகிறது. நம் ஊரில் அது பத்தரை மணிவாக்கில் தொடங்கும். நம் நிறத்துக்கு வெள்ளைக்காரர்களைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும், தோலில் உள்ள மெலனின் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை.

அதற்காக மாசமாக இருக்கும் பெண்ணை உச்சிவெயிலில் நிற்க வைக்கச் சொல்லவில்லை. தலைசுற்றி விழுந்தால் என்ன ஆவது? பத்தரை, பதினொரு மணிக்குக் கையும் காலும் படும்படி கொஞ்ச நேரம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மாத்திரையையும் விடாமல் போடுங்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா, குளுவாங்:

பிள்ளையைப் பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி, நீங்கள் கேட்டதிலேயே அதுதான் முக்கியம். பிறக்கும்போது குழந்தையின் இரத்தத்தில் இருக்கும் டி எல்லாம் உங்களிடமிருந்து வந்ததுதான், உங்கள் அளவில் பாதியோ கொஞ்சம் கூடவோ இருக்கும். நீங்கள் 34இல் இருந்தால் பிள்ளை எங்கே நிற்கும் என்று பாருங்கள். அந்தச் சேமிப்பும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலைப் போல ஒன்று கிடையாது, ஆனால் இந்த ஒரு சத்து மட்டும் அதில் மிகக் குறைவு, ஒரு லிட்டரில் 80 ஐயு இருந்தாலே அதிகம். குழந்தைக்கு வேண்டியது ஒரு நாளைக்கு 400. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்த சில நாட்களிலேயே 400 ஐயு சொட்டு தொடங்கச் சொல்கிறார்கள். மாவுப்பாலில் டி சேர்த்திருப்பார்கள், ஒரு லிட்டர்வாக்கில் குடிக்கும் பிள்ளைக்கு அதுவே போதும்.

மிகவும் குறைந்துபோனால் எலும்பு வளைவது மட்டும் இல்லை, இரத்தத்தில் கால்சியம் இறங்கிப் பச்சைப்பிள்ளைக்கு வலிப்புகூட வரலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஒரு சொட்டில் தவிர்க்கக்கூடியது என்பதால் சொல்கிறேன்.

காலை வெயிலில் காட்டுவதைப் பற்றி: நம் வீடுகளில் மஞ்சள் காமாலை வந்தால் உடனே பிள்ளையை வெயிலில் கிடத்துவார்கள். தயவுசெய்து அதை நம்பி இருக்காதீர்கள், தோல் வெந்துபோகும், உடம்பில் நீர் குறையும், மஞ்சளும் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். பிரசவித்த பிறகு மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்ப்பார், அவரிடம் காட்டுங்கள், இல்லையென்றால் நேரே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பத்தியக் காலத்தில் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பீர்கள், அப்போதும் உங்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தோட்டத்து மருமகள்:

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன் அக்கா, நானோமோல்தான். இதையெல்லாம் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், நிழல் கணக்கை வாசலில் நின்று தானே பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மீன் எண்ணெய் நல்லது என்று பக்கத்து வீட்டிலிருந்து காட் லிவர் ஆயில் வாங்கி வைத்திருக்கிறார். குடிக்கலாமா? அப்புறம் நான் அதிகமாகப் பால் குடித்தால், இல்லை அதிக மாத்திரை போட்டால், தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடாதா, சொட்டு எதற்கு?

மருந்துக்கடை அக்கா, தைப்பிங்:

காட் லிவர் ஆயில் இப்போது வேண்டாம். அதில் டி இருப்பது உண்மை, கூடவே வைட்டமின் ஏ நிறைய இருக்கும், அது கூடினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மாமியாரிடம் கெம்போங் மீன் குழம்பு கேளுங்கள், டின் சாடின் சம்பல், முட்டை மஞ்சள்கரு, இதெல்லாம் நல்லது. ஆனால் ஒரு முட்டையில் 40 ஐயு பக்கம்தான் வரும், சாப்பாட்டை மட்டும் வைத்து 600ஐ எட்டுவது கஷ்டம். நெத்திலி கால்சியத்துக்கு நல்லது. கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், இரும்புச் சத்து ஏறாது, ஒன்றைக் காலையிலும் ஒன்றை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் அதிகமாக எடுத்தால் பாலில் போகும் என்பது உண்மை. 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் தாய்க்குத் தினம் 6400 ஐயு கொடுத்தபோது பிள்ளைக்குச் சொட்டு கொடுத்ததற்குச் சமமாகவே கிடைத்தது. அது 4000 உச்ச அளவைத் தாண்டிய கணக்கு, டாக்டர் சொல்லாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம். 400 ஐயு சொட்டுதான் சுலபம்.

சொட்டு வாங்கும்போது பாட்டிலை நன்றாகப் படியுங்கள். ஒரு வகையில் ஒரே சொட்டில் 400 இருக்கும், இன்னொரு வகையில் 1 மில்லியில் 400 இருக்கும். முதல் வகையை மில்லிக் கணக்கில் ஊற்றிவிட்டால் பல மடங்கு போய்விடும், இதைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ 2010-இலேயே எச்சரித்தது. அந்தப் பாட்டிலோடு வரும் டிராப்பரை மட்டும் பயன்படுத்துங்கள், வேறு மருந்து டிராப்பர் வேண்டாம். யார் கொடுத்தார்கள் என்று தெரியாமல் பாட்டியும் ஒரு தடவை, நீங்களும் ஒரு தடவை கொடுக்கும்படி ஆகக் கூடாது, ஒருவரே பொறுப்பாகக் கொடுங்கள். பிள்ளை ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, மலச்சிக்கலோடு சோர்ந்து கிடந்தாலோ, அடிக்கடி சிறுநீர் கழித்தாலோ சொட்டை நிறுத்திவிட்டு உடனே கிளினிக்.

அடுத்த வாரம் செக்கப்புக்கு அந்த ரிப்போர்ட்டையும் மாத்திரை டப்பாவையும் பிங்க் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோங்கள், மிஸ்ஸி அதில் குறித்துவைப்பார். மறுபடியும் எப்போது இரத்தம் பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.