கடத்தலில் கூட இருந்தவனே அரசு சாட்சியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டொங்காட்_மருமகன்:
வணக்கம். என் மனைவியின் சித்தப்பா தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே கடை வைத்திருந்தார். கடை மூடும் நேரத்தில் அவருடைய பக்கியிலேயே (பிக்கப் வண்டி) அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பணம் கேட்டு சித்தியின் போனுக்கு இரண்டு வாய்ஸ் நோட் வந்தது, அப்புறம் கரும்புத் தோட்டத்தில் உடல்தான் கிடைத்தது. மூன்று பேர் உள்ளே இருக்கிறார்கள். இப்போது ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) வந்து, அதில் ஒருவனைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 204-ஆம் பிரிவில் சாட்சி ஆக்கப்போகிறோம் என்கிறார். வண்டி ஓட்டியவனே அவன்தான்! காசு கைமாறிவிட்டது என்று வீட்டில் ஒரே கொந்தளிப்பு. அவனை விட்டுவிடுவார்களா? நாங்கள் தடுக்க முடியுமா?

கோர்ட்_வாசல்:
ஆழ்ந்த அனுதாபங்கள். 204 என்றதும் காசு விளையாடிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். யாரைச் சாட்சியாக அழைப்பது என்பது அரசு வழக்கறிஞரின் முடிவு, ஐ.ஓ. முடிவு இல்லை. இந்தியாவில் அப்ரூவருக்கு நிபந்தனையோடு முதலிலேயே மன்னிப்பு கொடுத்துவிடுவார்கள், இங்கே கடைசியில்தான். அவன் கூண்டில் ஏறி, மற்ற இருவரின் வக்கீல்களும் குடைந்து எடுத்த பிறகு, ஒளிக்காமல் பதில் சொன்னான் என்று நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் விடுதலை. மழுப்பினால் அவன்மேலும் வழக்கு நடத்தலாம், என்ன, கூண்டில் சொன்னதை வைத்தே அவனைக் கொலையில் மாட்ட முடியாது, பொய்ச்சாட்சி வழக்குக்கு மட்டும்தான் அது செல்லும். குடும்பம் தடுக்க முடியாது. ஆனால் அரசு வழக்கறிஞரை நேரில் பார்த்து ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள டி.பி.பி. (மாகாணத் தலைமை அரசு வழக்கறிஞர்) அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

சாட்ஸ்வர்த்_அக்கா:
சட்டம் எல்லாம் சரி தம்பி, ஸ்டேஷனில் நடப்பது வேறு. எங்கள் வீட்டுப் பையன் காணாமல் போனபோது 24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள், அப்படி ஒரு விதியே இந்த நாட்டில் கிடையாது. அதனால் மருமகன் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. கூட்டாளி ஒருவன் வாயை மட்டும் நம்பி எந்த நீதிபதியும் எளிதில் தீர்ப்பு எழுத மாட்டார், பக்கத்துணையாக போன் டவர் பதிவு, கைரேகை, டி.என்.ஏ. ஏதாவது வேண்டும். ஐ.ஓ.விடம் அதைக் கேளுங்கள்: அதே சட்டத்தின் 205-ஆம் பிரிவில் போன் பதிவுகளுக்கு ஆணை வாங்கியாகிவிட்டதா, மாதிரிகள் அமான்சிம்டோட்டியில் உள்ள போலீஸ் தடயவியல் ஆய்வகத்துக்குப் போனதா? சிம் யார் பெயரில் இருந்தது என்பதை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள், யார் யார் பெயரிலோ பதிந்த சிம்மைத் தெருவிலேயே விற்கிறார்கள். அந்த வாய்ஸ் நோட் வந்த போன் எங்கே?

பழைய_ஜோபர்க்:
2004 ஜூலையில் இங்கே ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு கல்லூரி மாணவியைக் கடத்தினார்களே, நினைவிருக்கிறதா? அப்பா 50,000 ரேண்ட் கொடுத்தும் பெண் உயிரோடு திரும்பவில்லை. அதே கல்லூரியில் முன்பு படித்தவன், நம் இந்தியப் பையன்தான், அக்டோபரில் பிடிபட்டான், மறு வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கினான். ஆனால் அவன் சொன்ன கதையைப் பலர் நம்பவில்லை, தனியாகச் செய்தானா என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருந்து பேச ஒருவனும் வரவில்லை அல்லவா. எனக்கும் அந்த டிரைவர்மேல் இரக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் யார் திட்டம் போட்டது, கடையில் தகவல் கொடுத்தது யார் என்பதெல்லாம் அவன் வாயில்தான் இருக்கும். மற்ற இருவரும் திட்டமிட்ட கொலை என்று நிரூபணமானால் ஆயுள்தான், விதிவிலக்கான காரணம் காட்டாமல் ஜாமீனும் கிடைக்காது.

டொங்காட்_மருமகன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஐ.ஓ. வாய்ஸ் நோட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார், போன் சித்தியிடமே இருக்கிறது. பேரன் அதில் கேம் விளையாடிக்கொண்டிருக்கிறான்!

சாட்ஸ்வர்த்_அக்கா:
ஐயோ, முதலில் அதைப் பிடுங்குங்கள். ஒன்றையும் அழிக்க வேண்டாம், ஃப்ளைட் மோடில் போட்டு அணைத்துவிடுங்கள். ஐ.ஓ.விடம் கொடுக்கும்போது எஸ்.ஏ.பி. 13 புத்தகத்தில் (ஸ்டேஷனில் சான்றுப் பொருட்களைப் பதியும் பதிவேடு) ஏற்றச் சொல்லி அந்த எண்ணை எழுதி வாங்குங்கள், வெறும் கையோடு வராதீர்கள்.